மூன்றாவது பத்தி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஆரம்பித்த கூட்டம் சாப்பாட்டு நேரம்வரை இழுத்தது. ஆன காரியம்? அறிக்கையில் 'கல்நார்' என்று எழுதுவதா, 'ஆஸ்பெஸ்டாஸ்' என்று எழுதுவதா என்று முடிவு செய்தோம். இரண்டையும் எழுதுவதாக முடிவு.

இந்தக் குழுவில் என்னைப் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் சனியனைப் புதிதாக விற்கக் கூடாது என்று எப்போதோ தடை வந்துவிட்டது. ஏற்கெனவே கூரையிலும் குழாயிலும் பழைய வண்டிகளின் பிரேக்கிலும் கிடப்பதால் யாருக்கு என்ன கேடு என்று மதிப்பிட்டு அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டியது எங்கள் வேலை. 'யாருக்கு ஆபத்து' என்ற அத்தியாயம் என் தலையில். யாருக்கு இலவசப் பரிசோதனை, யாருக்கு இலவச வைத்தியம் என்று மேலே முடிவு செய்யப்போவது அதை வைத்துத்தான். அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தலைவர் எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே பார்க்கலாம் சார். 'கலைக்காமல் விட்டால் ஆபத்தில்லை' என்று முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் வர வேண்டுமாம். உடைக்காமல், துளைக்காமல், தேய்க்காமல் இருந்தால் தூள் பறக்காது, வாஸ்தவம்தான். அப்படி யார் விட்டு வைக்கிறார்கள் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போய் வந்தேன். அத்தானின் பட்டறை வீட்டை ஒட்டியே இருக்கிறது. பழைய வேன், லாரிகளுக்கு பிரேக் வேலை. நான் போனபோது ஒரு வேனின் சக்கரத்தைக் கழற்றி வைத்து, டிரம்முக்குள் ஏர் பைப்பை விட்டுக் காற்றடித்துக்கொண்டிருந்தார். சாம்பல் நிறத்தில் குப்பென்று கிளம்பியது. அந்தப் பழைய லைனிங்கில் என்ன கலந்திருக்கிறது என்று எத்தனை தடவை சொல்வது? ஈரத்துணியால் துடையுங்கள், முகமூடி போடுங்கள் என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போனதுதான் மிச்சம்.

"ஆபீசரம்மா வந்துட்டாங்க. எல்லாரும் மூச்சை நிறுத்துங்கப்பா" என்று வேன்காரரிடம் சொல்லிச் சிரிக்கிறார். முப்பது வருஷமாக ஊதுகிறாராம், அவர் நுரையீரலையே கழற்றி லாரியில் மாட்டலாமாம். மச்சினியைக் கிண்டல் செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

சாப்பிட வரும்போது சட்டையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். அக்கா கொல்லைப் பக்கம் எடுத்துப்போய்ப் படார் படார் என்று உதறிவிட்டு வாளியில் போட்டாள். உதறாதே என்றேன். உதறாமல் ஊறவைத்தால் தண்ணீர் சேறாகிவிடுகிறதாம். அவளுக்கும் என் பேச்சு காற்றோடு போகும். மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கியவள் படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். வீட்டுக்குள்ளேயே கிடந்து உடம்பு வைத்துவிட்டாய், தினமும் நட என்று அவளையும் ஒரு பிடி பிடித்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

இதை எழுதி வைத்தே ஆக வேண்டும். யாரும் நம்ப மாட்டார்கள்.

எங்கள் கூட்ட அறையின் கூரைப் பலகையே ஆஸ்பெஸ்டாஸ்தான். போன வருஷம் எங்கள் இலாகாவே வந்து சோதித்து, நடுவில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போயிற்று: 'நல்ல நிலையில் உள்ளது. தொட வேண்டாம்.' இன்று ஆபத்தைப் பற்றிப் படம் போட்டு விளக்க ஒரு புரொஜெக்டரைக் கூரையில் மாட்ட ஏற்பாடு. நாங்கள் போனபோது ஃபிட்டர் ஏணிமேல் நிற்கிறார். டிரில் போட்டிருக்கிறார். எங்கே? மஞ்சள் ஸ்டிக்கரின் நட்டநடுவில். துளை போட வேண்டிய இடத்துக்கு ஆபீசில் அடையாளம் ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். எழுத்து ஏணிமேல் நின்றாலும் படிக்கிற அளவுக்கா இருந்தது? அவரைச் சொல்லி என்ன குற்றம்?

மேசை, நாற்காலி, பிஸ்கட் தட்டு, எல்லாவற்றின்மேலும் வெள்ளைத் தூள். நான் அறையைப் பூட்டச் சொன்னேன். ஃபிட்டரை வெளியே கூட்டிப்போய் முகம் கழுவ வைத்தேன். திரும்பி வந்தால் பார்க்கலாம் சார் கைக்குட்டையால் நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். புரொஜெக்டரை மேசைமேல் வைத்துப் படம் ஓடுகிறது. முதல் வரி: 'அன்றாட வாழ்வில் இப்பொருட்கள் கலைக்கப்படும் வாய்ப்பு மிக அரிது.'

தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே. எதிர் சீட்டுக்காரர் என்ன மேடம் தலைவலியா என்றார்.

மார்ச் 12, புதன்

அந்த அறையை இன்று காலை காய்ந்த துடைப்பத்தால் பெருக்கியிருக்கிறார்கள்.

மார்ச் 19, புதன்

என் அத்தியாயத்தில் மூன்று பத்திகள். முதல் பத்தி, அந்தக் கூரைகளின் கீழே இருப்பவர்கள். அதில் தகராறில்லை. இரண்டாவது, அதில் கைவைத்து வேலை செய்பவர்கள்: ஃபிட்டர், கொத்தனார், மெக்கானிக். மூன்றாவது, அவர்கள் வீட்டில் இருப்பவர்கள். தூள் சட்டையோடு வீட்டுக்கு வருகிறது, துவைக்கிறவர் மூச்சில் போகிறது. வெளிநாட்டு ஆராய்ச்சியெல்லாம் இதைச் சொல்கிறது.

தலைவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கடைசி இரண்டும் சேர்ந்து போனால் நிதி இலாகா மொத்தத்தையும் தூக்கிக் கடாசிவிடும். மூன்றாவதை விட்டால் இரண்டாவதைத் தாமே முன்னின்று நிறைவேற்றித் தருவதாகச் சொன்னார்.

"துணி துவைக்கிறதெல்லாம் ஒரு தொழிலா மேடம்? நம்மகிட்ட அதுக்கு எண்ணிக்கையே இல்லையே."

எண்ணிக்கை இல்லை என்பது உண்மை. யாராவது எண்ணினால்தானே இருக்கும். ஃபிட்டர் ஏணியில் நின்றது கண்ணுக்குள் இருக்கிறது. அவரையாவது, அத்தானையாவது உள்ளே கொண்டுவந்துவிடலாம். கிடைத்தவரை லாபம் என்று மூன்றாவது பத்தியை நானே அடித்தேன். பார்க்கலாம் சார் முதல்முறையாக "நல்லது" என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய நாள். எரிச்சலாக இருக்கிறது. ஏன்?

மார்ச் 27, வியாழன்

இரண்டாவது பத்திக்காரர்களுக்கு அரசு மருத்துவமனையில் வெள்ளோட்டமாகப் பரிசோதனை. நெஞ்சு எக்ஸ்ரே, இலவசம். அத்தானுக்கு போன் செய்தேன். வர மாட்டாராம். இல்லாத நோயைத் தேடி வரிசையில் நிற்க அவருக்கென்ன பைத்தியமா என்று கேட்டார். அரைமணி நேரம் கழுத்தறுப்பு. கடைசியில் அக்கா போனைப் பிடுங்கினாள்.

"இவரைத் தனியா அனுப்பினா பாதி வழியில டீக்கடையில உக்காந்துடுவாரு. நானும் வரேன், நானும் எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கேன். அப்பதான் நகருவாரு."

குழந்தைக்கு மருந்து கொடுக்க அம்மா முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டுவதுபோல. சரி, எப்படியோ வந்தால் போதும்.

ஏப்ரல் 3, வியாழன்

கவுன்ட்டரில் ஒரு கண்ணாடிக்காரர். அத்தானின் தொழிலைக் கேட்டு எழுதினார். அக்காவைக் கேட்டார். வீட்டில்தான் இருக்கிறாள் என்றோம். பேனாவை மூடி வைத்துவிட்டார். தொழிலாளிக்கு மட்டும்தானாம். நான் அடையாள அட்டையை நீட்டினேன். அவர் சுற்றறிக்கையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "உங்க ஆபீஸ்தானே மேடம் இப்படி அனுப்பியிருக்கு?"

அத்தான் இதுதான் சாக்கென்று வாசல் பக்கம் நகர்கிறார். அக்கா எடுக்காவிட்டால் அவரும் எடுக்க மாட்டார். நான் கெஞ்சினேன், அதட்டினேன், மேலதிகாரியிடம் போவேன் என்றேன். நான் எழுதிய விதியை எதிர்த்து நானே சண்டை போட்டேன்! கண்ணாடிக்காரர் கடைசியில் உயிரை வாங்காதீங்க மேடம் என்று ஒரு சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். அதில் தொழில் என்ற இடத்தில் 'வீடு' என்று எழுதினார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அத்தானுக்கு ஒன்றுமில்லை. சுத்தம்.

அக்காவை மறுபடி கூப்பிட்டார்கள். வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது. உறை தடித்திருக்கிறது. சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

டாக்டர் சின்னப் பெண். படத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள், "எந்த கம்பெனியில வேலை பார்த்தீங்கம்மா?"

"நான் எங்கேயும் வேலை பார்க்கலை டாக்டர். வீட்லயேதான் இருந்தேன்."

அக்கா அதைத் தப்புச் செய்துவிட்டவள்போலச் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நடந்தா சரியாயிடும்னு சொன்னேனே, உடம்பு வெச்சிருக்கேன்னு சொன்னேனே. எனக்குத் தெரியாதா? அந்தப் பத்தியை எழுதினதே நான்தானே. உதறினதைக் கண்ணால பார்த்துட்டுதானே சாப்பிட உக்காந்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

எனக்கு இருப்பது ஒரே அக்கா.

ஏப்ரல் 19, சனி

முடிவு வந்துவிட்டது. நுரையீரல் உறையில் வரும் புற்று. இந்த வகைக்கு அனேகமாக அந்தத் தூள்தான் காரணம் என்று டாக்டர் சொன்னாள். குணமாகும் என்று சொல்லவில்லை. மருந்து கொடுத்தால் கொஞ்சம் கூடுதலாக நாள் கிடைக்கும் என்றாள்.

சாயங்காலம் அத்தான் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே விளக்குப் போடவில்லை. என்னை ஆபீசரம்மா என்று கூப்பிடவில்லை.

"என் சட்டையில இருந்தா போச்சு?"

குழுவில் இருந்து இருந்து எனக்கும் மழுப்ப வரும். வாய்ப்பு உண்டு, உறுதியாகச் சொல்ல இயலாது என்று வரிசையாக நாக்கில் வந்து நின்றன. "ஆமா அத்தான்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். முப்பது வருஷம் ஊதியது அவர், உட்கார்ந்து மூச்சு வாங்குவது அவள். ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், யாரையென்று தெரியவில்லை.

வேலைச் சட்டைகளையெல்லாம் நனைத்து ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தார். எங்கே போடுவது என்று கேட்டார். குப்பையில் போடக் கூடாது, எரிக்கக் கூடாது. எங்கே போடலாம் என்பது எங்கள் அறிக்கையின் ஆறாவது அத்தியாயம். அதை இன்னும் யாரும் எழுதவே ஆரம்பிக்கவில்லை. பை அங்கேயே இருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

கூட்டத்தில் மூன்றாவது பத்தியைத் திரும்ப வைத்தேன். அது முடிந்துபோன விஷயம் என்றார் தலைவர். எண்ணிக்கை இல்லாமல் எப்படி என்று பழைய பாட்டை எடுத்தார்.

"ஒண்ணுன்னு போடுங்க சார்" என்றேன்.

என்ன ஒன்று என்றார். என் அக்கா என்றேன். எதிர் சீட்டுக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். மேலே ஸ்டிக்கர் துளையோடு அப்படியே இருக்கிறது, புரொஜெக்டர் அதில்தான் தொங்குகிறது. தலைவர் காகிதத்தைப் புரட்டினார். மனுஷன் கெட்டவரில்லை, முகம் வாடித்தான் போயிற்று. இருந்தாலும் வாயைத் திறந்தபோது வந்தது அதே வார்த்தைதான்.

"பார்க்கலாம்."

பத்தி உள்ளே வராமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

மே 6, செவ்வாய்

அறிக்கை என் கையெழுத்து இல்லாமலே மேலே போய்விட்டது. மூன்றாவது பத்தி அடிக்குறிப்பாகியிருக்கிறது: 'குடும்பத்தினர் குறித்து மேலும் ஆய்வு தேவை.'

ஆய்வு பண்ணுங்க. நல்லா பண்ணுங்க. அவ இருக்கும்போதே பண்ணுங்க.

ஜூலை 20, ஞாயிறு

இரண்டு தடவை நீர் எடுத்தாகிவிட்டது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அத்தான் துவைப்பதில் குற்றம் கண்டுபிடிக்கிறாள். காலரில் சோப்புப் போடவில்லையாம். அத்தான் காற்றடிப்பதை விட்டுவிட்டார், ஈரத்துணிதான். அதையும் நான் போகும்போது என் கண்ணில் படுகிற மாதிரிச் செய்கிறார். எனக்கு அழுகை வருகிறது, கோபமும் வருகிறது. மருந்துக்குப் பட்டறையை விற்பதாகப் பேச்சு. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

போன வாரம் உத்தரவு வந்தது. இரண்டாவது பத்திக்காரர்களுக்கு முழு வைத்தியமும் இலவசம். பார்க்கலாம் சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். அவர்களுக்கு மட்டும்.

அக்காவைப் புது மருந்துக்காகச் சேர்க்க இன்று மூவரும் போனோம். அதே கவுன்ட்டர், அதே கண்ணாடிக்காரர். பெயர் எழுதினார், வயது எழுதினார். தொழில் என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்தான் முன்னால் வந்தார்.

"பிரேக் வேலை. முப்பது வருஷம்."

உங்களுக்கில்லை, அம்மாவுக்குக் கேட்கிறேன் என்றார் கண்ணாடிக்காரர். அம்மாவுக்குத்தான் சொல்கிறேன் என்றார் அத்தான். கண்ணாடிக்காரர் பழைய சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தார்.

"போன தடவை வீட்லதான் இருக்காங்கன்னு சொன்னீங்களே?"

"அப்போ எங்களுக்குத் தெரியலைங்க."

அக்கா மறுக்கவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றாள். கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்தார். இலாகா அதிகாரி யாராவது சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

பேனாவை அவரிடமே வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.