வெள்ளைக் கார், நீலக் கார், என் ஸ்டியரிங்

பிப்ரவரி 9, திங்கள்

பழைய காரை இன்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடையாறு பாலமே குனிந்து வழியனுப்பியது. அண்ணன் மகன் மகேஷ் மட்டும் "விட்டுது சனி, சித்தப்பா" என்றான். எங்கள் தி.நகர் ஜவுளிக்கடையில் நான் விட்டுக்கொடுத்த முதலாளி நாற்காலி அவனுக்கு இன்னும் சூடுகூட ஆகவில்லை, பேச்சைப் பார்.

பங்குனி உத்திரத்துக்கு முன்னால் புதுக் கார் வந்தாக வேண்டும். முப்பது வருடமாக உத்திரத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் சாஸ்தா கோயிலுக்கு இந்தக் கைகள்தான் தேர் ஓட்டியிருக்கின்றன. கிருஷ்ணனே பதினெட்டு நாள்தான் ஓட்டினான்.

பிப்ரவரி 11, புதன்

மகேஷ் இரண்டு கார்களைப் பொறுக்கி வைத்திருக்கிறான். இரண்டுமே பிளக்-இன் ஹைபிரிட். வீட்டு பிளக்கில் குத்தி வைத்தால் மின்சாரத்தில் கடைக்குப் போய்வரலாம். தெற்கே போகும்போது பெட்ரோலில் ஓடும். நல்ல விஷயம்தான். அத்தோடு நிறுத்தினானா?

"வண்டியோட ஒரு டிரைவரையும் போட்டுருவோம் சித்தப்பா."

போன டிசம்பரில் ஒரு ஆட்டோவின் கண்ணாடி என் வண்டியில் வந்து இடித்துக்கொண்டது. அதற்கு என்னைக் கண் டாக்டர்வரை இழுத்துப் போனார்கள். இடது கண்ணில் ஓரப் பார்வை குறைந்துவிட்டதாம். ஓரத்தில் பார்க்க என்ன இருக்கிறது? நான் நேராகப் போகிறவன்.

பிப்ரவரி 12, வியாழன்

டிரைவர் வந்தால் நான் இமயமலைக்குப் போய்விடுவேன். நானே ஓட்டிக்கொண்டு.

பிப்ரவரி 15, ஞாயிறு

அண்ணா சாலை ஷோரூம். விற்பனையாளர் பெயர் உபைத். முதலில் இரண்டு வண்டியையும் வெயிலுக்குக் கொண்டுவரச் சொன்னேன். டியூப்லைட்டில் கலர் பார்த்து வாங்குகிறவன் ஜவுளிக்காரனா?

"சார், இது துணி இல்ல சார்."

"அதனாலதான் தண்ணியில முக்கிக் காட்டச் சொல்லல."

வெள்ளை, ராஜா வீட்டு வண்டி. பானெட் வண்டலூரில் ஆரம்பித்துத் தாம்பரத்தில் முடிகிறது. பேட்டரியும் பெரிது. நீலம் குட்டை. பேட்டரி கொஞ்சம் கம்மி. ஆனால் சுற்றிலும் கேமரா, ஏற்றி இறக்கும் சீட்டு. கேமரா எதற்கு? காரா, கல்யாண வீடா?

என் மனைவி தேவானை, வீட்டின் உச்ச நீதிமன்றம், நீல வண்டியின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். மேலே ஏற்றினாள். ஸ்டியரிங்கில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

நாற்பது வருடம் சேலை விரித்துப் போட்டவன் நான். வந்த அம்மா எந்தச் சேலைமேல் கையை வைத்திருக்கிறார்களோ அதுதான் பில்லுக்குப் போகும். மற்றதைப் புரட்டுவதெல்லாம் சும்மா. தேவானை கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வரப்போகிற டிரைவருக்கு அளவெடுக்கிறாள். மகேஷ் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

பிப்ரவரி 21, சனி

நீலம்தான் என்கிறாள் தேவானை. ஏன்?

"சீட்டு ஒசரமா இருக்குல்லா."

எந்தக் குள்ள டிரைவருக்காக இந்த அக்கறை? கேட்டேன். கொஞ்சம் உரக்கத்தான் கேட்டேன்.

"ஏன் இப்படிக் கத்துதிய? கீழ் வீட்டுக்காரங்க ஏறி வந்துருவாவ."

வரட்டும். வந்து அவர்களும் ஓட்டுப் போடட்டும். நீலத்துக்கு இரண்டு ஓட்டு, வெள்ளைக்கு ஒன்று. ஜனநாயகத்தைக் கண்டுபிடித்தவனைப் பாண்டி பஜாரில் நிற்க வைத்துக் கேள்வி கேட்க வேண்டும்.

காலையில் நிதானமாகச் சண்டை போடலாம் என்றால் ஆள் இல்லை. தினமும் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயில். டிசம்பருக்கு அப்புறம் அப்படி என்ன திடீர் பக்தி?

மார்ச் 3, செவ்வாய்

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

அந்தத் திடீர் பக்தியை நேரிலேயே பார்த்துவிடலாம் என்று காலையில் திருவான்மியூருக்கு ஆட்டோவில் போனேன். முன்னால் 'எல்' போர்டு போட்ட பயிற்சிக் கார். ஒரு ஆமை அதை முந்திப் போய், டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கும். தலையை வெளியே நீட்டினேன்.

"யாருய்யா அது, வண்டியத் தாலாட்டிக்கிட்டுப் போறது?"

இடப்பக்கத்து ஜன்னலில் ஒரு தலை வந்தது. ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலம்மாவாம், ஊரூர் குப்பத்துக்காரர்.

"இன்னா நைனா, கூவிக்கினே கீற? பொறக்கும்போதே லாரி ஓட்டிக்கினா வந்த?"

வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தக் கார் நின்று, டிரைவர் பக்கத்திலிருந்து ஒரு முகம் திரும்பியது.

தேவானை.

"உனுக்குத் தெரிஞ்சவராக்கா?" என்றார் வேலம்மா.

"தெரியாது."

தெரியாதாம். என்னை. நடுரோட்டில்.

நாற்பது வருட ஜவுளி அனுபவத்தை அப்படியே வங்காள விரிகுடாவில் கொட்டலாம். அளவெடுத்தது டிரைவருக்கு இல்லை. அவளுக்கு.

வீட்டுக்கு வந்ததும் ஆடித் தீர்த்தேன். கோயில் என்று பொய் சொன்னாயே என்றேன். கோயிலுக்கும் போனாளாம், வண்டி ஓட்டிப் பழகிய பிறகு. அடுத்த வாரம் லைசென்ஸ் டெஸ்டாம். கடைசியில் சொன்னாள்: "மகேஷு டிரைவர் வச்சா ரெண்டே நாள்ல வெரட்டிருவிய. என்னைய வெரட்ட முடியாதுல்லா?"

அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். அவள் விடவில்லை.

"அன்னைக்கு எடது பக்கம் ஆட்டோ வந்துச்சே. பள்ளிக்கூடத்துப் பிள்ள உக்காந்திருந்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்சுதா, இல்லியா?"

தெரியவில்லை.

எதுவுமே தெரியல. சத்தம் கேட்டுத்தான் திரும்புனேன்.

மார்ச் 5, வியாழன்

உபைத்துக்கு போன் செய்து நீலம் என்று சொல்லிவிட்டேன். "இன்னொரு தடவ வெயில்ல பாத்துடுறீங்களா சார்?" என்கிறார். கிண்டல்.

மார்ச் 20, வெள்ளி

வண்டி வந்தது. தேவானை டெஸ்டில் தேறியும் ஒரு வாரம் ஆகிறது. வேலம்மா எட்டு போட வைத்தே எட்டு திக்கையும் காட்டிவிட்டார் போல. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். அவள் ஏற்றியதில் மூன்று நசுங்கின. ஒன்று உயிர் பிழைத்து ஓடியது. சார்ஜர் முனைக்கும் குங்குமம் வைக்கப் போனாள். தடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினேன்.

சாவியை என்னிடம்தான் கொடுத்தார்கள். பையில் போட்டுக்கொண்டேன். தெற்கே யார் ஓட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மரியாதைதான் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 30, திங்கள்

சாவியை அவள் கைப்பைக்குள் போட்டுவிட்டேன். பார்த்தாளா தெரியாது. பார்த்திருப்பாள்.

ஏப்ரல் 1, புதன். பங்குனி உத்திரம்

சாஸ்தா கோயில் வாசல். கூட்டம், வெயில், செருப்பைக் காணோம்.

நேற்று மதுரைவரை மகேஷ். அதன்பிறகு அவள். ஹாரன் என்ற ஒன்று வண்டியில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. லாரிக்கு வழி விடுகிறாள், பஸ்ஸுக்கு வழி விடுகிறாள், ஒரு ஆட்டுக்கு இண்டிகேட்டர் போட்டு வழி விட்டாள். நான் கத்தினேன். "வெளிய பாத்துக்கிட்டு வாங்க" என்றாள்.

பார்த்தேன். கயத்தாறில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. கண்ணுக்கு எட்டிய மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. முப்பது வருடமாக இதே சாலை, ஒரு பயல் எனக்குச் சொன்னதில்லை. எல்லோர்மேலும் கோபமாக வருகிறது. திரும்பும்போது அங்கே கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.