கீழ்வீட்டு அம்மா விசாரணையில் சொன்ன பொய்

அனுப்புநர்:
கல்லூரி நூலகர் (வயது 48),
மாடி வீடு, கதவு எண் 17.

பெறுநர்:
அலுவலர் அவர்கள்,
முதியோர் உதவித்தொகைப் பிரிவு.

பொருள்: கதவு எண் 17, கீழ்வீட்டில் தனியே வசிக்கும் 71 வயது அம்மையாருக்கு நிறுத்தப்பட்ட உதவித்தொகையை மீண்டும் வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி அம்மையார் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். ஓய்வூதியம் கிடையாது. தங்கள் அலுவலகம் தந்த உதவித்தொகையில்தான் வாழ்ந்துவந்தார். மகன் பராமரிப்பதாகக் கூறி நான்கு மாதங்களாக அது நிறுத்தப்பட்டுள்ளது.

2. அது உண்மையல்ல. ஆனால் அப்படிச் சொன்னவர் அவரேதான். தங்கள் ஆய்வாளர் அவரைக் குழாயடியில், தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களுக்கு நடுவே விசாரித்தார். "உங்களைப் பாத்துக்க யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். "ஏன் இல்லாம? என் பையன் என்னை உள்ளங்கையில வச்சுத் தாங்குறான்" என்றார் அம்மையார். பக்கத்தில் நின்ற தையற்காரப் பெண், "அப்ப இந்தக் குடத்தையும் கொஞ்சம் தாங்கச் சொல்லுங்கக்கா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆய்வாளர் எழுதிக்கொண்டு போனார். அவர்மேல் எனக்குக் குறையில்லை.

3. மகன் ஒன்பது ஆண்டுகளாக இந்த வாசற்படி மிதித்ததில்லை. இது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். நானும் அங்கிருந்தேன், வாய் திறக்கவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு எதற்கு வரிப்பணம் என்று சக ஊழியர்கள் வாதிடும்போது தலையாட்டியிருப்பவள் நான். இப்போது அம்மையார் இரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்குகிறார்.

4. மேல்முறையீட்டுப் படிவத்தில், "மகன் என்னைக் கைவிட்டுவிட்டார்" என்ற வரியின்கீழ் விண்ணப்பதாரர் ஒப்பமிட வேண்டும். மூன்று முறை கொண்டுபோனேன். "பெத்தவளே எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு அவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவான்?" என்று கேட்டு, படிவத்தை மடித்து என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். அவர் மகன் வருவார் என்று நான் நம்பவில்லை. அதை அவரிடம் சொல்லவும் முடியவில்லை.

5. ஆகவே, அந்த ஒரு வரிக்கு மட்டும் சாட்சியாக என் ஒப்பத்தை ஏற்று, உதவித்தொகையை மீண்டும் வழங்க ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். விதியில் இதற்கு இடமில்லை என்பதை அறிவேன். இருந்தும் கேட்கிறேன். மறுவிசாரணை தேவையெனில், ஆய்வாளர் மாடியேறி என்னிடம் கேட்கட்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் பதில் சொல்கிறேன். அந்தக் கேள்வியை அம்மையாரிடம் இன்னொரு முறை கேட்க வேண்டாம்.

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: 11.09.2023

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மாடி வீட்டு நூலகர்