புது கார்புரேட்டரும் பழைய பேக்கிங்கும்

மெக்கானிக் மகராசா வெர்னன்,

ஷெட்டில் காரைக் காணோமென்று போலீசைக் கூப்பிடாதே. திருடி நான்தான், உன் பெண்டாட்டி.

மூன்று வாரமாகப் புது கார்புரேட்டரைத் திட்டித் தீர்த்தாய். "அடியில காத்து இழுக்குது, நடுவுல வைக்கிற பேக்கிங் அட்டையைப் பாரு" என்றேன். "உனக்கு என்ன தெரியும், போடீ" என்றாய். அந்தக் கோபத்தில் காரையே விற்கிறேனென்று பழைய கார் வாங்கும் ஹாகனுக்குப் போன் செய்துவிட்டாய். நாம் கல்யாணம் முடிந்து ஏறிவந்த கார் அது.

காலையில் நீ மீன்பிடிக்கப் போனதும் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தேன். பழைய பேக்கிங்கையே திரும்பப் போட்டிருக்கிறாய், ஒரு மூலை பிய்ந்து கிடந்தது. புதியது பிரிக்காமல் பெட்டியிலேயே இருந்தது. மாற்றினேன். சாவியைத் திருப்பியதுமே இன்ஜின் பிடித்துக்கொண்டது. அதைக் கேட்க நீ பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள். மூன்று மணிக்கு ஹாகன் வருவார். காபி கொடுத்து நீயே பதில் சொல். உன் கார், உன் இஷ்டம். ஆனால் அவர் கிளம்பும்வரை நான் வீட்டுப் பக்கம் வரமாட்டேன்.

மார்லிஸ்

பி.கு.: ஏரியைச் சுற்றிக்கொண்டிருப்பேன். "வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்று ஒரு போன் போடு, வந்து உன்னை ஏற்றிக்கொள்கிறேன். ஓட்டுவது மட்டும் நான்தான்.