சிறிலுக்கு வேர்த்த நாள்

1979 மே 5
மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சிறில் மறுபடியும் ஏசியைத் திறந்துகொண்டு கதிரையில் ஏறி நின்றார். துறைமுகத்தில் கிழமை முழுக்கப் பார்க்கிற வயரிங் வேலை போதாதாம். ஏலத்தில் எடுத்த அந்தப் பழைய பெட்டிக்குச் செய்கிற பணிவிடையில் பாதியை எனக்குச் செய்திருந்தால் நான் இன்னும் குமரியாகவே இருந்திருப்பேன். சல்லடையைக் கழுவிக் காயவைத்துவிட்டு, "மலர், இதுக்கு முன்னால ஒண்டும் தொங்கவிடாதையும், மூச்சு முட்டும்" என்றார். என் ஈரத்துவாயைத்தான் சொல்கிறார்.

மே 8
சிறில் போய்விட்டார். விடிய எழும்பித் தேத்தண்ணி கேட்டார். நான் கொண்டுபோனேன். அவ்வளவுதான்.

மே 9
மகன் ஹெக்டர் வேலை செய்யும் கப்பல் பஹ்ரைனில் நிற்கிறது. 12ஆம் தேதி வருவதாகத் தந்தி. பங்குச் சுவாமி இன்றே அடக்கம் செய்யச் சொன்னார். மகன் முகம் பார்க்காமல் பெட்டியை மூடவிட மாட்டேன் என்று சத்தம் போட்டேன். உடல் பழுதாகாமல் மருந்து ஏற்றினவன், "கச்சான் காத்து அடிக்குது, சரியான வெக்கை, ரெண்டு நாளுக்கு மேல நான் பொறுப்பில்லை" என்றான்.

அதனால் ஏசி அறையில் வைத்திருக்கிறோம். சனம் வந்தபடி. மெழுகுதிரி, சாம்பிராணி. மலர்வளையம் மாட்ட இடமில்லை என்று சிறிலின் தங்கை றோஸ் இரண்டை ஏசியின் முகப்பிலேயே கொழுவிவிட்டாள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

மே 10
காலை ஒன்பது மணிக்கு ஏசி இரைகிறது, காற்று வரவில்லை. அறை வெக்கை. சாம்பிராணிக்கு அடியில் வேறொரு மணம் — இல்லை, இன்னும் இல்லை. திருத்தத் தெரிந்த ஒரே மனிதர் கையில் செபமாலையோடு படுத்திருக்கிறார். கோபம் வந்தது. உண்மையாகவே கோபம்.

தபால் கந்தோருக்கு ஓடி, புல்மோட்டை மணல் தொழிற்சாலையில் இருக்கும் அபூதாஹிரை போனில் பிடித்தேன். சிறிலிடம் வேலை பழகியவர்.

"சத்தம் வருதா அக்கா? அப்ப மெஷின் நல்லம். உள்ளுக்கு ஐஸ் பிடிச்சிரிக்கும். நிப்பாட்டுங்க, உருகட்டும். ரெண்டு மணித்தியாலம்."

"அவர் உள்ளுக்குக் கிடக்கிறார், தம்பி."

"தெரியும் அக்கா. நிப்பாட்டுங்க. கத்தியால மட்டும் குத்திராதீங்க, கேஸ் போயிரும்."

எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தி, ஸ்விட்சை நிறுத்தினேன். வளையங்களை இறக்கி முகப்பைக் கழற்றினேன். சல்லடை முழுக்கப் புகைக்கரியும் பூவிதழும். அதற்குப் பின்னால் வெள்ளையாக ஐஸ். நாங்கள்தான் அதன் மூச்சை அடைத்திருக்கிறோம்.

சல்லடையைக் கழுவிவிட்டு அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். ஐஸ் வெடிக்கிற சத்தம், டக் என்று. பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடி டக். ஒருமுறை அது எனக்குப் பின்னால் கேட்டது.

திரும்பினேன். அவருக்கு வேர்த்திருந்தது.

இடது புருவத்துக்கு மேலே, மேலுதட்டில், முத்து முத்தாக. குளிர்ந்த போத்தலில் நீர் பூக்கிறது போல என்று எனக்குத் தெரியும்; பதினெட்டு வருஷம் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஆனாலும் கதிரையில் ஏறி வேலை செய்யும்போது அவருக்கு முதலில் வேர்ப்பதும் அந்த இடத்தில்தான். துடைத்தேன். மறுபடியும் பூத்தது. துடைத்தேன். "முடியப்போகுது, கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். யாரோ பெருமூச்சு விட்டார்கள். நானாகத்தான் இருக்கவேண்டும்.

றோஸ் கதவிடுக்கால் பார்த்துவிட்டாள். "அண்ணாவுக்கு வேர்க்குது!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். முற்றத்தில் எல்லோரும் முழந்தாளிட்டுச் செபிக்கத் தொடங்கினார்கள். நான் போய் விளக்கம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

பன்னிரண்டரைக்கு ஸ்விட்சைப் போட்டேன். காற்று வந்தது. குளிர்ந்த காற்று.

மே 11
ஓடுகிறது. இடைக்கிடை தடக்கி, பிறகு இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அவருடைய குறட்டையும் அப்படித்தான்.

மே 12
மூன்று மணிக்கு ஹெக்டர் வந்தான். சிறிலின் முகம் கொஞ்சமும் மாறவில்லை. பரீட்சையில் பாஸான பிள்ளை போல, "வா தம்பி, அப்பா அப்படியே இருக்கிறார்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அவன் வாசற்படி தாண்டவில்லை. "எனக்குப் பாக்க ஏலாது, அம்மா. நான் கப்பல் ஏறின அண்டு துறைமுக ஜெட்டியில நிண்டு கை காட்டினார். அந்த முகம் போதும். ஆர் உங்களை வைச்சிருக்கச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. பெட்டியை மூடினார்கள். ஐந்து மணிக்கு அடக்கம்.

ஓகஸ்ட் 19
றோஸின் மாமியார் இன்று காலை காலமாகிவிட்டார். மூத்த மகன் லண்டனிலிருந்து வர மூன்று நாளாம். "அறையைத் தாறியளோ மச்சாள்? ஏசி ஓடுதுதானே?"

ஓடுகிறது. மாதம் ஒருமுறை நான்தான் கழுவுகிறேன். இப்போது அங்கேதான் படுக்கிறேன்.

"அந்த மகன் முகம் பாக்கவேணும் எண்டு கேட்டவரோ?" என்றேன்.

றோஸ் விளங்காமல் பார்த்தாள். "அதை ஆர் கேக்கிறது, மச்சாள்?"

மெழுகுதிரி வெளியே வைப்பதென்றால் சரி என்றேன். என் தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டேன்.