படைப்பதற்கு முன் ஒரு கரண்டி

எடமலைப்பட்டி புதூர்
2-1-2025

அல்போன்சாவுக்கு அமிர்தம் எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். உனக்குக் காது கேட்கவில்லை என்று பேத்தி கலைமதி சொன்னாள். அதனால்தான் போனை விட்டுப் பேனாவை எடுத்தேன். ஐந்தாவது படித்தவளின் எழுத்து, பொறுத்துக்கொள்.

உன் மகன் ஆஸ்டின் உன்னை ஸ்ரீரங்கத்தில் குடிவைத்திருக்கிறானாம். கோயில் பக்கமே திரும்பாதவளுக்கு ஜன்னலைத் திறந்தால் கோபுரம்! நன்றாக வேண்டும்.

கடையில் கலைமதியை என் முகஜாடையில் கண்டுபிடித்து, "உங்க பாட்டி இன்னும் பானையிலதான் பொங்கல் வைக்கிறாங்களா?" என்று கேட்டாயாம். முப்பத்தாறு வருஷம் கழித்து! பொன்மலை ரயில்வே காலனியில் உனக்கும் எனக்கும் ஒரே சுவர். பதினோரு பொங்கல் என் கையால் சாப்பிட்டாய். பன்னிரண்டாவதுக்கு, ஏதோ புது ஜெபக்கூட்டத்துக்குப் போய்வந்தவள், நான் நீட்டிய செம்பைத் தள்ளிவிட்டு, "இது பிசாசுக்குப் படைச்சது" என்றாய். அன்று உடுத்தியிருந்தது பச்சைச் சேலை. எனக்கு எதுவும் மறக்காது.

இன்னும் அப்படித்தான் சொல்வாயா? அதற்கு மட்டும் பதில் எழுது.

அமிர்தம்

ஸ்ரீரங்கம்
6-1-2025

அன்புள்ள அக்காவுக்கு,

தேவ கிருபையால் நலம். சேலை பச்சை இல்லை, நீலம்.

பிசாசு என்பது என் வார்த்தை இல்லை, அக்கா. போதகர் சொன்னார். அவர் சொன்ன மூன்றாம் நாள் உங்களிடம் அதையே சொன்னேன். புதுச் செருப்பு போட்டவள் சத்தமாக நடப்பாள் இல்லையா, அப்படி. ஆனால் ஆஸ்டின் உங்கள் சாமி அறைப் படியை மிதித்துவிட்டான் என்று "தீட்டு, தீட்டு" என்று வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினீர்களே. அது யார் வார்த்தை?

இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனாலும் படைத்ததை வாயில் வைக்க மாட்டேன். ஆஸ்டின் அப்பா சாகும்வரை காத்த கட்டுப்பாடு அது. அவர் போனபிறகு நான் விட்டால் அவரைத் தனியே விட்டதுபோல் இருக்கும்.

உங்கள் பொங்கல் மேல் ஆசை மட்டும் போகவில்லை. சாமிக்குப் படைப்பதற்கு முன் எனக்கு ஒரு கரண்டி எடுத்துவைப்பீர்களா?

உங்கள் தங்கை
அல்போன்சா

எடமலைப்பட்டி புதூர்
9-1-2025

அல்போன்சா,

உனக்கு என்ன துணிச்சல்! சாமிக்கு முன்னால் உனக்கா? என் மாமியார் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தைப் படித்த கண்ணையே கழுவச் சொல்லியிருப்பாள். படைக்குமுன் எடுத்தால் பானை முழுக்க எச்சில். கரண்டியை நக்கினாள் என்று என் மகள் விஜயராணியை அகப்பையாலேயே அடித்தவள் நான்.

படைத்தால் உனக்கு ஆகாது. படைக்காவிட்டால் எனக்கு ஆகாது. பிறகு எதைத்தான் சாப்பிடுவது? முடியாது. இனிமேல் எழுதாதே.

படி கழுவியது உண்மைதான்.

அமிர்தம்

எடமலைப்பட்டி புதூர்
14-1-2025, பொங்கல்

அல்போன்சாவுக்கு,

கலைமதி கையில் தூக்குவாளி கொடுத்தனுப்புகிறேன். ஆறுவதற்குள் சாப்பிடு. பிறகு இதைப் படி.

பானை கிழக்கே பொங்கியது. இலை போட்டார்கள். சூடம் எடுக்க விஜயராணி உள்ளே போனாள். என் கை தானாகப் போனது என்று சொல்ல மாட்டேன், நான்தான் கொண்டுபோனேன். ஒரு கரண்டி இல்லை, நாலு கரண்டி அள்ளி வாளியில் போட்டேன்.

"அம்மா! இன்னும் படைக்கல!"

"தெரியும்டி."

"எனக்கு மட்டும் அன்னைக்கு அந்த அடி அடிச்ச!"

"உனக்கு இன்னும் ரெண்டு போட்டிருக்கணும். சூடத்தை ஏத்து."

பிறகுதான் சூரியனுக்குப் படைத்தேன். வானம் இடிந்து விழவில்லை. சாமி கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன். எங்களுக்குள் எழுபது வருஷப் பழக்கம். நீ பயப்படாமல் சாப்பிடலாம். யாருக்கும் படைக்காதது. உனக்கென்றே எடுத்தது.

நீ சொன்ன அந்த வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது வேறு. பொங்கலுக்கு நெய் போதுமா என்று மட்டும் எழுது.

அமிர்தம் அக்கா