உதறித் துவைத்த சட்டைகள்

மஸ்கட்

அன்புள்ள மெட்டில்டாவுக்கு,

கர்த்தர் தயவில் நடமாடுகிறேன். உன் முட்டிவலி குறைந்ததா? ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் ஃபிரெடி ஸ்பீக்கரில் போட்டு, "டாடி யூட்யூப் டாக்டர் ஆயிட்டாரு" என்று மருமகளிடம் சிரிப்பான். அதனால் எழுதுகிறேன்.

விசா புதுப்பிக்க எக்ஸ்ரே எடுத்தார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. டாக்டர் நாகர்கோவில்காரர். படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, முன்பு என்ன வேலை என்றார். பல்லாவரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுத்தேன் என்றேன்.

"வேலைச் சட்டைய யாரு துவைச்சாங்க?"

"என் வீட்டுக்காரிதான் சார். நல்லா உதறிட்டுத்தான் ஊறவைப்பா."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

புயலில் உடைந்த பின்பக்கக் கூரை ஷீட்டை, கிறிஸ்துமஸுக்கு முன் பெருக்கித் தள்ளப்போவதாக ஃபிரெடி சொன்னான். அதில் துடைப்பம் படக்கூடாது. அந்த ஆஸ்பெஸ்டாஸ் தூள் கண்ணுக்குத் தெரியாது. நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. மெல்லத் தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்து, பின்கதவைச் சாத்து. பேத்தி அந்தப் பக்கம் போகக்கூடாது. இந்த வேலை தெரிந்த ஆட்கள் வந்து, மிச்ச ஷீட்டை உடைக்காமல் கழற்றட்டும். அது நான் கட்டிய வீடு. அவன் படித்திருக்கலாம், ஷீட்டை அறுத்தவன் நான்.

யாராவது இங்கே வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. சோறு இறங்கவில்லை.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. இது கிடைத்த மறுநாளே தாம்பரம் நெஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போய் நீயும் எக்ஸ்ரே எடு. போனில் பேசும்போது வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிறாய். எனக்குக் கேட்கிறது.

தனசிங்