நேரம் குறிக்காத நாற்பது நிமிடம்

டார்ட்மவுத், நோவா ஸ்கோஷா
அக்டோபர் 3, 2016

அன்புள்ள லாக்லன்,

கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. அதற்குள் என் கையெழுத்தில் ஓர் உறை வந்ததும் நீ பயந்துபோயிருப்பாய். யாரும் சாகவில்லை, முதலில் உட்கார். விவாகரத்துக்குப் பிறகு இருபத்தொன்பது வருடத்தை வாழ்த்து அட்டைகளிலேயே ஓட்டிவிட்டோம். நடுவில் ஒரு கடிதம் எழுதினால் குடி முழுகிப் போகாது. தொலைபேசியில் கூப்பிட்டிருப்பேன், ஆனால் உன் மந்தமான காதுக்குக் கத்திப் பேச எனக்குத் தொண்டை இல்லை.

கடல் ஆய்வு நிலையத்தில் எனக்கு இது கடைசி வருடம். தட்டச்சுக்காரியாகச் சேர்ந்தவளை இப்போது ஆவண அறையில் போட்டிருக்கிறார்கள். நீங்கள் கப்பலில் எடுத்த நில அதிர்வுத் தாள்களை எல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் வேலை. நாற்பது வருடமாக அட்டைப்பெட்டியில் கிடந்த சுருள்கள். பிரித்தால் மொறுமொறுவென்று ஒடிகின்றன, கருகிய ரொட்டி வாசம் வேறு. நேற்று ஒரு சுருளை விரித்தால், கடலடியின் கறுப்புக் கோடுகளுக்குப் பக்கத்தில், ஓரத்தில், உன் கையெழுத்து! 'இன்றும் பட்டாணி சூப். இன்றும் கலகம் எதுவும் வெடிக்கவில்லை.' பக்கத்து மேசை டெல்ஃபின் எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கா இது, சூப்பப் பத்தியே பொலம்பிட்டிருக்காரு?"

"என் பழைய புருஷன்."

"கையெழுத்து முத்து முத்தா இருக்கே. பின்ன எதுக்கு விட்டீங்க?"

நான் சிரித்துவிட்டேன். முட்டி வலி எப்படி இருக்கிறது? குளிருக்கு முன்னால் விறகு வாங்கிப் போட்டாயா?

அன்புடன்,
வெர்னா

---

மாபூ, கேப் பிரெட்டன்
அக்டோபர் 11, 2016

அன்பு வெர்னா,

உட்கார்ந்துதான் படித்தேன். படித்துவிட்டு எழுந்து ஒரு கோப்பைத் தேநீர் போட்டுக்கொண்டு திரும்பவும் படித்தேன். விறகு வாங்கியாகிவிட்டது. முட்டியைப் பற்றிப் பேசாதே, அது காதுக்குப் போட்டியாக வந்துகொண்டிருக்கிறது.

அந்த வாசம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. ஊசி தாளைச் சுட்டுக்கொண்டே போகும். பின்னால் இழுத்துவரும் கருவி தண்ணீருக்குள் 'டப்' என்று வெடிக்கும், ஊசி ஒரு கோடு சுடும், மறுபடி டப். காவல் முறை வந்தால் எட்டு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓரத்தில் ஒரு கோடு இழுத்து நேரம் எழுத வேண்டும். நேரம் எழுதாத தாளை வைத்து இந்த இடம் கடலில் எங்கே இருக்கிறது என்று எவனாலும் சொல்ல முடியாது. எங்கள் தலைமை விஞ்ஞானி பெர்லி வந்த முதல் நாளே சொல்லிவிடுவார்: "கப்பல் முழுகினாலும் எத்தன மணிக்கு முழுகுச்சுன்னு எழுதிட்டுத்தான் குதிக்கணும்."

டெல்ஃபினிடம் சொல், கையெழுத்தை நம்பி யாரும் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கூடாது என்று. எந்த வருடத்துத் தாள்கள் வரை வந்திருக்கிறாய்?

உன்,
லாக்லன்

---

டார்ட்மவுத்
அக்டோபர் 24, 2016

அன்புள்ள லாக்லன்,

நீ ஏன் வருடத்தைக் கேட்டாய் என்று எனக்குப் புரிகிறது. அடுத்த பெட்டி 1981, ஜூன்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். ஜூன் பதினேழாம் தேதி காலையில் மோராக் பிறந்தாள், ஏழாவது மாதத்திலேயே. உடனே வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து கப்பலுக்கு ரேடியோச் செய்தி போனது. பிற்பகல் இரண்டரை மணிக்குள் அவள் போய்விட்டாள். நீ பத்தொன்பது நாள் கழித்து வந்து, "செய்தியே எல்லாம் முடிஞ்சப்புறம்தான் வந்துச்சு வெர்னா" என்றாய். நான் பாதி நம்பினேன். மீதிப் பாதியோடுதான் ஆறு வருடம் உன்னோடு குடித்தனம் நடத்தினேன், அப்புறம் முடியவில்லை.

அந்தப் பயணத்தின் அறிக்கை இப்போது என் மேசையில் இருக்கிறது. 'ஜூன் 17, 14:10 முதல் 14:50 வரை நேரக் குறிகள் இல்லை. காரணம்: காவலில் இருந்தவரின் கவனக்குறைவு.' இதை நானேதான் தட்டச்சு செய்தேன், விடுப்பு முடிந்து திரும்பிய முதல் வாரத்தில். உன் கவனக்குறைவை என் விரலாலேயே அடித்தேன். நம் பிள்ளை இங்கே மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தபோது இவன் அங்கே தூங்கி வழிந்திருக்கிறான் என்று நினைத்தேன். உன்னிடம் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

இப்போது இந்த வரியைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் இனி யார் பார்த்தாலும் அதுதான் உண்மை. அதனால் இப்போது கேட்கிறேன். அந்த நாற்பது நிமிடம் நீ எங்கே இருந்தாய்?

வெர்னா

---

மாபூ
நவம்பர் 1, 2016

அன்பு வெர்னா,

தூங்கிவிட்டேன். அறிக்கையில் இருப்பது சரிதான், அதையே ஏற்றிவிடு.

முடிந்தால் அந்தப் பெட்டியை டெல்ஃபினிடம் கொடுத்துவிடேன். பழைய தாளில் என்ன கிடைக்கப் போகிறது? இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. உனக்கு ஓட்ஸ் அப்பம் ஒரு டப்பா தனியாக அனுப்பியிருக்கிறேன். என் அக்கா சுட்டது, அதனால் தைரியமாகச் சாப்பிடலாம்.

லாக்லன்

---

டார்ட்மவுத்
நவம்பர் 10, 2016

என் லாக்லன்,

அப்பம் வந்தது. நீ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

பெட்டியை நான் டெல்ஃபினுக்குக் கொடுக்கவில்லை. பதினேழாம் தேதிச் சுருள் ஈரம் பட்டுக் கெட்டுப் போயிருக்கிறது. பாதிதான் பிரிந்தது. மீதி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. பிரிந்தவரை விரித்துப் பார்த்தேன். 14:05 என்று உன் கையெழுத்து. அங்கே கடலடியில் ஒரு மேடு. ஒரு பக்கம் சுவர் மாதிரி செங்குத்து, இன்னொரு பக்கம் நீளமான சரிவு, உச்சியில் இரட்டைக் குமிழ். 14:10க்குப் பிறகு ஓரம் வெறுமை. ஊசி மட்டும் தன் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டே போயிருக்கிறது. ஒரு சாண் தள்ளி மறுபடியும் ஒரு மேடு. அதே இரட்டைக் குமிழ், அதே உயரம். ஆனால் சரிவு முதலில் வருகிறது, சுவர் பின்னால் வருகிறது!

டெல்ஃபின்கூடக் கண்டுபிடித்துவிட்டாள். "அக்கா, இது அதே மேடுதான். போன வழியிலயே திரும்பி வந்திருக்காங்க."

கப்பல் திரும்பியிருக்கிறது. ஹாலிஃபாக்ஸ் பக்கம், என் பக்கம். செய்தி நேரத்துக்கு வந்திருக்கிறது, நீ தாளை விட்டுவிட்டு ஓடிப் போய்க் கப்பலைத் திருப்பச் சொல்லியிருக்கிறாய். நான் ஆவண அறையில் உட்கார்ந்து, வயசுக்குக் கொஞ்சமும் பொருந்தாத மாதிரி, ஓவென்று அழுதேன். டெல்ஃபின் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். முப்பத்தைந்து வருடமாக, வரவே இல்லை என்று நான் நினைத்த ஆள் வந்துகொண்டிருந்திருக்கிறான்.

அப்புறம் ஏன் வந்து சேரவில்லை என்பதும் புரிந்துவிட்டது. பெர்லிதானே? அந்த மனுஷன்தானே வேலை கெட்டுப்போகும் என்று கப்பலை மறுபடி திருப்ப வைத்தார்? செத்துப்போனவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டிவிட்டேன், நன்றாக, அரை மணி நேரம். என்னிடம் ஏன் மறைத்தாய் என்றுதான் புரியவில்லை.

ஒட்டிய பாதியை ஈரப்பதப் பெட்டியில் வைத்திருக்கிறோம். தாள் இளகிப் பிரிய இரண்டு வாரம் ஆகும். அதன்பின் அறிக்கையைத் திருத்திவிடுகிறேன்.

உன்,
வெர்னா

---

மாபூ
நவம்பர் 17, 2016

அன்பு வெர்னா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. 'என் லாக்லன்' என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு, மற்றதற்குப் பதில் போடாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பெர்லி செத்துவிட்டார், கேப்டனும் செத்துவிட்டார். நான் வாயைத் திறக்காவிட்டால் நீ போட்ட கணக்கே நிலைத்துவிடும். உனக்கு ஒரு வில்லன் கிடைப்பார், எனக்கு நீ கிடைப்பாய்.

ஆனால் பெர்லி அப்படிச் செய்யவில்லை வெர்னா. ஒட்டிய தாள் பிரிந்தால் அதே மேடு மூன்றாவது தடவையும் வரும், முதலில் வந்த மாதிரியே, சுவர் முன்னால். தாள் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன்.

14:10க்கு ரேடியோக்காரர் வந்து செய்தியைக் கையில் கொடுத்தார். மேலே ஓடினேன். கேப்டன் டானியன் படித்துப் பார்த்ததுமே சுக்கானைத் திருப்பச் சொன்னார். பின்னால் இழுத்துவரும் கருவிகளை ஏற்றிவிட்டால் முழு வேகத்தில் போகலாம், இருபத்தாறு மணி நேரத்தில் ஹாலிஃபாக்ஸ். பெர்லியே மேல்தளத்தில் நின்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். "சீக்கிரம் ஏத்துங்கடா, பையன் வீட்டுக்குப் போகணும்!" கீழே ஊசியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

ஏற்றத் தொடங்கும்போது இரண்டாவது செய்தி வந்தது. அவள் போய்விட்டாள் என்று.

கேப்டன் கேட்டார், "போலாம்பா. அந்தப் பொண்ணு தனியா இருக்கும்ல. போலாமா?" நான் வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டார். வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை என் தோளைப் பிடித்துக் கேட்டார். "இல்ல கேப்டன், வேலைய முடிச்சிரலாம்" என்றேன்.

யாரும் என்னைத் தடுக்கவில்லை. நான்தான் பயந்தேன். வெறும் கையோடு இருக்கும் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவ்வளவுதான். இதற்குமேல் நல்லதாக ஒரு காரணம் முப்பத்தைந்து வருடமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று எழுதச் சொன்னதும் நான்தான். பெர்லி ஒப்புக்கொள்ளவில்லை. "கப்பல் திரும்புச்சுன்னு எழுதறதுல என்னய்யா வெட்கம்?" என்றார். அந்த அறிக்கை உன் தட்டச்சு இயந்திரத்துக்குத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். இரண்டு திருப்பத்தையும் உன் கையால் அடிக்க விடுவதைவிட, தூங்கினேன் என்றே நீ நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

இனி நீ எழுதாவிட்டாலும் எனக்கு வருத்தம் இருக்காது என்று சொன்னால் அதுவும் பொய். ரொம்ப வருத்தமாக இருக்கும்.

லாக்லன்

---

டார்ட்மவுத்
டிசம்பர் 2, 2016

அன்புள்ள லாக்லன்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தாள் வியாழக்கிழமை பிரிந்தது. உன்னைப் படித்த பிறகுதான் அதைப் படித்தேன். வரிசை மாறியிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

மூன்றாவது மேடு இருக்கிறது, சுவர் முன்னால். அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போய், துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தேன். உன்மேல் வந்த கோபத்தில் குளிர்கூடத் தெரியவில்லை. பெர்லியிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன், நாய் கூட்டி வந்த ஒருவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார். நீ வந்திருக்க வேண்டும், லாக்லன். எனக்கு உன்னிடமிருந்து ஆறுதல் வார்த்தை எதுவும் வேண்டியிருக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். இதை உன்னிடம் சொல்ல எனக்கும் முப்பத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது.

திரும்பி வந்து பெட்டியில் மீதி இருந்ததையும் விரித்தேன். 14:50க்கு உன் கோடு மறுபடி தொடங்குகிறது. அதன்பின் பத்தொன்பது நாள் சுருள்களில் ஓரத்தில் ஒரு சூப் கூட இல்லை, ஒரு கிண்டல் கூட இல்லை. நேரம் மட்டும்தான். உன் காவல் எட்டு மணி நேரம்தானே? பல நாள் இருபத்து நான்கில் பதினாறு மணி நேரம் உன் கையெழுத்தே இருக்கிறது. மற்றவர்களின் காவலையும் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாய். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு, ஒன்றுகூட விடாமல். டெல்ஃபின் எண்ணிப் பார்க்கப் போனாள், நான் வேண்டாம் என்றேன்.

நானும் அந்தப் பத்தொன்பது நாள் படுக்கையில் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டுதான் கிடந்தேன். நாம் இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே வேலையைச் செய்திருக்கிறோம், மடையா.

அறிக்கையிலிருந்து அந்த வரியை நீக்கிவிட்டேன். கணினியில் குறிப்பு எழுதும் கட்டத்தில் இப்போது இப்படி இருக்கிறது: '14:10 முதல் 14:50 வரை நேரக் குறிகள் இல்லை. கப்பல் இரண்டு முறை திரும்பியது; ஒரே மேடு மூன்று முறை பதிவாகியுள்ளது. முதல் திருப்பத்துக்குக் காரணம்: காவலில் இருந்தவருக்கு மகள் பிறந்த செய்தி.'

இரண்டாவது திருப்பத்துக்கான காரணத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன். அது என் கையால் எழுத வேண்டியதல்ல, உன் கையால் எழுத வேண்டியது. பெட்டியை இருபத்தெட்டாம் தேதிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். பேருந்து இருக்கிறது, மீன் வடையும் பச்சைத் தக்காளி ஊறுகாயும் இருக்கிறது. காதைப் பற்றிக் கவலைப்படாதே, கத்தியே பேசுகிறேன், பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டுக்கொள்ளட்டும். முதலில் மோராக் இருக்கும் இடத்துக்குப் போய்விட்டு, பிறகு நிலையத்துக்குப் போகலாம். வந்து அந்தக் காரணத்தை உன் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடு, நான் அடித்துக்கொள்கிறேன்.

இந்த முறை பாதி வழியில் திரும்பிவிடாதே.

வெர்னா